வெள்ளிக்கிழமை மீன்கறி

சாம்பலுக்குள் யாகப்பர் கண்டெடுத்த பித்தளைப் பூட்டு யாருடையது என்று யோசித்து வாசகர்களில் எத்தனை பேர் இந்த ஒரு கிழமையும் நித்திரை கொள்ளவில்லையோ, எனக்குத் தெரியாது. யாகப்பர் கொள்ளவில்லை. அது மட்டும் நிச்சயம்.

இன்றுதான் இந்தப் பக்கத்தைத் திறந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கண்டல்முனை என்பது சிலாவத்துறைக்கும் கொண்டச்சிக்கும் இடையில் கடலோரம் கிடக்கும் சின்ன ஊர். அங்குள்ள ஒற்றை அறைப் பொலிஸ் நிலையத்துக்கு சார்ஜன் யாகப்பர்தான் எல்லாம். காணாமற்போன ஆடு, களவுபோன நங்கூரம், கோயில் உண்டியலுக்குள் யாரோ போட்ட மொட்டைக் கடிதம் என்று எல்லாவற்றையும் துப்புத் துலக்கிப் பேர் வாங்கியவர். பதின்மூன்று கிழமையாக நாமும் அவரோடு சேர்ந்து சிரித்தோம். இந்தக் கிழமை சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

எழுபத்திரண்டாம் ஆண்டு பெப்ரவரி இருபத்தைந்து, வெள்ளிக்கிழமை விடியற்காலை. ஊர் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் ஹலீம் முதலாளியின் கருவாட்டு வாடி, மீன் காயவைக்கும் ஓலைக் கொட்டகை, எரிந்தது. வாடிக் காவற்காரர் அமிர்தநாயகமும் பூசைக்குப் போயிருப்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவர் காய்ச்சலோடு உள்ளே படுத்திருந்தார். மார்ச் ஏழாம் திகதி செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அவர் உயிர் போனது, தீவைப்பு வழக்குக் கொலை வழக்காக மாறியது. வியாழன் பின்னேரம் நாலு மணிக்கு, சைக்கிளில் மீன் விற்கும் நுஃமானைப் பிடித்துப் பொலிஸ் கூட்டுக்குள் போட்டார்கள்.

நுஃமான் இடையில் கொஞ்சக் காலம் அந்த வாடியிலும் வேலை செய்தவன். வேலையால் நிறுத்தப்பட்ட அன்று சந்தியில் நின்று, 'இந்த வாடி எரிஞ்சுதான் போகும்' என்று கத்தியவன். அவன் வீட்டில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரமும் அகப்பட்டது. மண்ணெண்ணெய்த் தகரம் இல்லாத வீடு கண்டல்முனையில் எது என்று இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. அவர் மன்னாரிலிருந்து ஜீப்பில் வந்தவர், சீக்கிரம் திரும்பிப் போக வேண்டியவர்.

சாம்பலுக்குள் கிடந்த பூட்டு, கடற்தொழிலாளர் இடுப்பில் கட்டும் அகலப் பட்டியினுடையது. கடல் தாண்டி அக்கரையிலிருந்து வரும் அந்தப் பட்டி ஊரில் ஏழெட்டுப் பேரிடம் உண்டு. யாகப்பரின் மனைவி மாக்கிறட்டின் தம்பி சிங்கராசாவிடமும் இருந்தது. தீப்பிடித்த நாளிலிருந்து சிங்கராசா சாரத்தைக் கயிற்றுத் துண்டால் கட்டிக்கொண்டு திரிவதை யாகப்பர் கண்டார். கண்டுவிட்டு, பூட்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தார். இரண்டு கிழமையாக அது அங்கேதான் இருக்கிறது.

இனி மார்ச் பத்தாம் திகதிக்கு வருவோம். அதுவும் வெள்ளிக்கிழமை.

காலை ஏழரை மணிக்கு மாக்கிறட் கோயிலுக்கு உடுக்கும் சேலையை உடுத்திக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு வாக்குமூலம் கொடுக்க வரும்படி இன்ஸ்பெக்டர் சொல்லியனுப்பியிருந்தார். மகள் அன்ரோனெற் அப்பாவின் சட்டைக்கு இஸ்திரிக்கை போட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வயது. ஆசிரிய கலாசாலைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு ஒவ்வொரு நாளும் தபாற்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பவள்.

வீட்டில் கஞ்சி மட்டும்தான். உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய தபசுகாலத்து வெள்ளிகளில் அந்த வீட்டுப் படியில் மீன் ஏறாது. அன்ரோனெற் ஏழு வயதில் நெருப்புக் காய்ச்சலில் கிடந்தபோது மாக்கிறட் மடுமாதாவுக்கு வைத்த நேர்த்தி அது. வியாழன் பின்னேரமே மீன்சட்டிகளைக் கழுவி வேலியோரம் கவிழ்த்துவிடுவாள். மற்ற வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை இறைச்சியை மட்டும் விட்டுவிட்டு மீன் தின்று கொழுப்பதாக அவளுக்கு ஒரு பெருமைப் பேச்சும் உண்டு.

"நீங்கள் சந்தேகப் பட்டியல்ல தம்பியின்ர பேரை எழுதியிருக்கக் கூடாது" என்றாள் மாக்கிறட், ஊசியை வாயில் வைத்துக்கொண்டே.

"அவன்ர வலை ஏறுற கரையிலதானே ஹலீம் முதலாளி வாடியைக் கட்டினவர். உன்ர தம்பி அரசாங்கக் கச்சேரிக்கு மூண்டு மனுப் போட்டவன். கரைச் சண்டை இருந்த எல்லாற்றை பேரையும் எழுதிப்போட்டு அவனை மட்டும் விட ஏலுமோ?"

"அவன் அண்டைக்குக் காலமை இஞ்சதான் இருந்தவன்."

யாகப்பர் சப்பாத்து நாடாவை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"எத்தினை மணிக்கு?"

"ஐஞ்சரைக்கு வந்தவன். ஏழு மணி மட்டும் இருந்தவன். நீங்கள் கோட்டில வழக்கெண்டு மன்னாருக்குப் போயிட்டியள். பிள்ளை பூசைக்குப் போயிட்டாள். எனக்குக் கால் வீக்கம், நான் வீட்டில நிண்டனான்."

"ரெண்டு கிழமையா இதைச் சொல்லேல்லையே நீ."

"நீங்கள் கேட்டனீங்களோ?"

கேட்கவில்லைதான். கேட்கப் பயந்து கேட்காமல் இருந்தவர் அவர். இப்போது கேளாமலே பதில் வந்துவிட்டது. பையிலுள்ள பூட்டு வேறு யாருடையதாகவோ ஆகிவிட்டது. யாகப்பர் கஞ்சிக்கோப்பையை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். இரண்டு கிழமைக்குப் பிறகு அவருக்கு அன்றுதான் பசித்தது.

அன்ரோனெற் மட்டும் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கி வைத்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

பொலிஸ் நிலைய வாசலில், பூவரச நிழலில், நுஃமானின் மனைவி நசீறா சாப்பாட்டுக் கரியரோடு இருந்தாள். விடிய ஆறு மணிக்கே வந்துவிட்டாள் என்று காவலுக்கு நின்ற பொலிஸ்காரர் சொன்னார். யாகப்பரைக் கண்டதும் எழும்பி முக்காட்டைச் சரிசெய்தாள்.

"சார்ஜன் ஐயா, நாலு மணிக்கு ஜீப்பில மன்னாருக்குக் கொண்டு போறாங்களாம். உண்மையா?"

"இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு மேல இஞ்ச வச்சிருக்க ஏலாது பிள்ளை. நீதவானிட்டக் காட்டவேணும்."

"அங்க போனா விடமாட்டாங்க. கொலையாமே. தூக்குத்தானாமே." சத்தம் போடாமல்தான் சொன்னாள். "அவர் நெருப்பு வைக்கல ஐயா. அண்டைக்கு விடிய மீன் எடுக்கச் சிலாவத்துறைத் துறைக்குப் போனவர். அங்க கண்ட ஆக்கள் இப்ப வாய் திறக்கிறாங்க இல்ல."

"தெரியும்."

"எங்கட ஆடு காணாமப்போனப்ப ஒரு பகலில கண்டுபிடிச்சுத் தந்தீங்களே. இதையும் கண்டுபிடிச்சிருவீங்கதானே?"

"பாப்பம்" என்றார் யாகப்பர். ஆட்டைக் கண்டுபிடித்த கதை ஐந்தாவது அத்தியாயத்தில் வந்தது. அன்றைக்கு நசீறா அவருக்கு ஒரு தட்டு தொதல் இனிப்புக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்து தொலைக்கிறது.

உள்ளே ஒரு மேசை, இரண்டு கதிரை, ஒரு அலுமாரி. பின்பக்கம் பலகைத் தட்டி மறைப்பு. தட்டிக்கு அப்பால்தான் கூடு. தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும்.

இன்ஸ்பெக்டர் சேனாதீர கெட்ட மனிதர் அல்லர். வேலையைச் சுருக்காக முடிக்க விரும்புகிறவர், அவ்வளவுதான். அவருக்குத் தமிழ் தெரியாது. யாகப்பர் பதினொரு வருடம் சிலாபத்தில் வேலை செய்தவர், சிங்களம் நன்றாக வரும். மனைவியின் வாக்குமூலத்தைப் புருஷனே மொழிபெயர்ப்பது சரியில்லை, வேறு ஆள் பாருங்கள் என்று அவர் முறைப்படி சொன்னார்தான்.

"இந்த ஊரில் வேறு யாருக்குச் சிங்களம் தெரியும்?" என்று இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார். "நீங்கள் சொன்னால் அது எனக்குப் போதும், சார்ஜன். இது வெறும் சடங்கு. பட்டியலில் இருக்கும் மற்றப் பெயர்களை வெட்டிவிட்டுக் கோப்பைக் கட்ட வேண்டும்."

மாக்கிறட் கதிரை நுனியில் இருந்தாள். தம்பி எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான், எந்த வழியாகப் போனான். ஒவ்வொன்றுக்கும் தடங்கலில்லாமல் பதில் சொன்னாள். யாகப்பர் ஒவ்வொன்றையும் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் எழுதினார். அரைப் பக்கம் நிரம்பியது. அரைப் பக்க வாக்குமூலம் பார்வைக்கு நல்லாயில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு கேள்வி போட்டார்.

"ஒன்றரை மணித்தியாலம் என்ன செய்தான்?"

"சாப்பிட்டவன்" என்றாள் மாக்கிறட்.

"என்ன சாப்பாடு கொடுத்தீர்கள்?"

"பிட்டும் விளைமீன் கறியும்."

தம்பிக்கு அவள் எப்போதும் கொடுப்பது அதுதான். சிங்கராசா நாலு வயதாக இருக்கும்போதே தாய் போய்விட்டாள். அன்றிலிருந்து அக்காள் கையால் பிட்டும் விளைமீன் கறியும் தின்று வளர்ந்தவன். நேரத்துக்கும் வழிக்கும் கணக்காகப் பதில் தயாரித்து வைத்தவள் சாப்பாட்டைப் பற்றி யோசித்து வைக்கவில்லை. கேட்டவுடன் வாய் தன்பாட்டில் சொல்லிவிட்டது.

சொல்லி முடிந்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். தபசுகாலத்து வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு வருடமாக மீன் ஏறாத வீடு. சட்டியெல்லாம் வேலியோரம் கவிழ்ந்து கிடந்த காலைநேரம்.

யாகப்பருக்கு அந்த இடத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. பூட்டு யாருடையது, தீ வைத்தது யார், இந்த இரண்டு கிழமையும் மாக்கிறட் இரவில் எழும்பி எழும்பிச் செபமாலை சொன்னது எதற்கு என்று எல்லாமே. இப்படித்தான் அவருக்குத் துப்புக் கிடைப்பது வழக்கம். யாராவது ஒன்றும் இல்லாத ஒரு வார்த்தையைச் சொல்லுவார்கள், அவர் பிடித்துக்கொள்ளுவார். மற்ற நேரமென்றால் மீசைக்குள் சிரித்திருப்பார்.

"என்ன சொன்னார்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

யாகப்பர் சிங்களத்தில் சொன்னார். பிட்டும் மீன்கறியும். ஒரு சொல் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இன்ஸ்பெக்டர் எழுதினார். மாக்கிறட் கையெழுத்து வைத்தாள்.

மத்தியானம் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டு யாகப்பர் தொப்பியைக் கழற்றினார். மாக்கிறட் சேலை மாற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"பிள்ளை, இஞ்ச வா" என்று மகளைக் கூப்பிட்டார். "வாடி எரிஞ்ச அண்டைக்குப் பூசை முடிஞ்சு வந்து என்ன சாப்பிட்டனி?"

"வெள்ளிக்கிழமை அப்பா. கஞ்சிதான்."

"மீன் வாசம் ஏதும் இருந்ததோ?"

"வெள்ளிக்கிழமையோ? எங்கட வீட்டிலயோ?" என்று கேட்டவள் அதோடு நிறுத்திவிட்டாள். அவளும் யாகப்பரின் மகள். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சுவரோடு ஒதுங்கி நின்றாள்.

"சொல்லு மாக்கிறட்."

"என்னத்தைச் சொல்ல? உங்களுக்கு விளங்கீட்டுது."

"உன்ர வாயால கேக்கவேணும்."

"ஆறே முக்காலுக்கு வந்தவன். சாரமெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். நடுங்கினவன். வாடி ஓலைதான் அக்கா எரிஞ்சது, ஓலையைத்தான் எரிச்சனான் எண்டு திரும்பத் திரும்பச் சொன்னவன். உள்ளுக்கு ஆள் கிடந்தது அவனுக்குத் தெரியாது. எல்லாரும் பூசையில எண்டுதான் நினைச்சவன். நான் சாரத்தைத் தோய்ச்சுக் குடுத்தனான்."

"நுஃமான் கூட்டுக்குள்ள இருக்கிறான்."

"தெரியும்."

"நசீறா விடிய ஆறு மணியிலயிருந்து வாசல்ல இருக்கிறாள்."

"தெரியும் எண்டு சொல்லுறன்." மாக்கிறட் அழவில்லை. அழுதால் யாகப்பருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். "எனக்கு அந்தப் பிள்ளையில கோவமோ? பாவம்தான். ஆனா அம்மா சாகேக்க இவனைத்தான் என்ர கையில தந்தவ. நுஃமானைத் தரேல்லை."

"நான் போய்ச் சொல்லவேணும்."

"போய்ச் சொல்லுங்கோ. பொய்ச் சாட்சி சொன்னவள் எண்டு என்னையும் போடுவினம். அதைச் சிங்களத்தில எடுத்துச் சொன்னது ஆரெண்டும் கேப்பினம். எனக்குக் காரியமில்லை."

யாகப்பர் கதிரையில் இருந்தார். மாக்கிறட், பின்னேரச் சிலுவைப்பாதைக்குக் கோயில் கூட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். விளக்குமாறு மூலையில்தான் சாத்தியிருந்தது. அதை அன்ரோனெற் கண்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவளும் அம்மாவின் பின்னால் போனாள்.

யாகப்பர் கதிரையை விட்டு எழும்பவில்லை. பன்னிரண்டரை ஆனது, ஒன்றரை ஆனது, இரண்டரையும் ஆனது. போனால் மச்சான் தூக்குக்குப் போவான், மனைவி மறியற்சாலைக்குப் போவாள், மகளுடைய விண்ணப்பம் குப்பைக்குப் போகும். போகாவிட்டால் நுஃமான் போவான். இதைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். பதின்மூன்று அத்தியாயத்திலும் இந்த மனிதரை இப்படி நான் கண்டதில்லை. எனக்கே அவர்மீது கோபம்தான். ஆனாலும் அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தால் மூன்றரைக்காவது எழும்பியிருப்பேனா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

மூன்றரைக்கு அவர் எழும்பினார்.

ஜீப் வாசலில் முகப்பைத் திருப்பி நின்றது. இன்ஸ்பெக்டர் கோப்பைக் கட்டிக்கொண்டிருந்தார். யாகப்பர் முன்னால் போய் நின்று, பையிலிருந்து பித்தளைப் பூட்டை எடுத்து மேசையில் வைத்தார். நேர்த்தியைச் சொன்னார். மீன்கறியைச் சொன்னார். தோய்த்த சாரத்தைச் சொன்னார். கடைசியில் மச்சானின் பெயரைச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் எழுந்து வாசற்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இந்தப் பூட்டு எத்தனை நாளாக உங்கள் பையில் இருக்கிறது?"

"இரண்டு கிழமை."

"கடவுளே" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்கள் ஓய்வுபெற எத்தனை வருடம்?"

"ஆறு."

"சார்ஜன், வெள்ளிக்கிழமை ஒரு வீட்டில் மீன் சமைப்பதில்லை என்பதை வைத்து நான் நீதவானிடம் என்ன சொல்ல? உங்கள் மனைவி பொய் சொன்னதாக எழுதினால் அவர் மேல் வழக்கு. நீங்கள் தடயத்தை ஒளித்ததாக எழுதினால் உங்கள் மேல் வழக்கு. எல்லாம் எதற்காக? நுஃமான் ஒத்துக்கொண்டுவிட்டான்."

"என்ன?"

"பன்னிரண்டு மணிக்கு அவனாகவே என்னைக் கூப்பிட்டான். நான்தான் எரித்தேன், உள்ளே ஆள் இருப்பது தெரியாது என்று நீதவான் முன்னால் சொல்லப் போகிறானாம். அப்படிச் சொன்னால் தூக்கு இல்லை, பத்து வருடத்தோடு போகலாம் என்று நானும் சொல்லியிருக்கிறேன். அவனுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

பூட்டை எடுத்து யாகப்பரின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டார். இரக்கத்தோடுதான் செய்தார். அதுதான் கொடுமை.

"திங்கட்கிழமை வருகிறேன். அதற்குள் இதையெல்லாம் உங்கள் கையால் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், நான் கண்ணை மூடிக்கொண்டிருக்க முடியாது. எழுதாவிட்டால், இன்று நீங்கள் பேசியது என் காதில் விழவில்லை."

யாகப்பர் தட்டிக்குப் பின்னால் போனார். நுஃமான் கம்பியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிலத்தில் இருந்தான். ஜும்ஆத் தொழுகைக்கு விடவில்லை. கைகால் கழுவிய தண்ணீர் சீமெந்தில் இன்னும் காயாமல் கிடந்தது.

"நுஃமான், நீ செய்யேல்லை எண்டு எனக்குத் தெரியும். ஏன் ஓமெண்டு சொன்னனி?"

அவன் திரும்பிப் பார்க்காமலே பேசினான்.

"நான் பத்து வருசமா உங்கட ஒழுங்கையில மீன் விக்கிறன் சார்ஜன். தபசுகாலத்து வெள்ளியில உங்கட வாசலுக்குக் கிட்ட மணி அடிச்சாலே அக்கா ஏசுவா. அவங்க மீன்கறி எண்டு சொன்னது இஞ்ச எனக்கும் கேட்டிச்சு."

யாகப்பர் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா பொய் சொன்னது எனக்குப் பெரிசில்ல. தம்பிக்காகச் சொல்றாங்க. என்ர கூடப்பிறந்த தாத்தாவும் தன்ர தம்பிக்காகச் சொல்லியிருப்பா. நீங்க என்ன சொல்லப் போறீங்க எண்டுதான் காதைக் குடுத்துக்கொண்டிருந்தன். எனக்குச் சிங்களம் கொஞ்சம் விளங்கும். நீங்க அப்பிடியே சொன்னீங்க. குரல்கூட மாறல்ல. அப்பதான் விளங்கிச்சு, இந்த ஊரில எனக்கு ஆள் இல்லை எண்டு."

"நான் இப்பதான் அவரிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டு வாறன்."

"பன்னிரண்டு மணி மட்டும் பாத்துக்கொண்டிருந்தன் சார்ஜன்" என்றான் நுஃமான்.

நாலு மணிக்கு ஜீப் போனது. ஏறும்போது நசீறா கரியரை நீட்டினாள். விலங்கு போட்ட கையால் வாங்க முடியாமல் நுஃமான் தலையை மட்டும் ஆட்டினான். காவலுக்குப் போன பொலிஸ்காரர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ஜீப் சந்தி திரும்பும் மட்டும் பார்த்துவிட்டு நசீறா யாகப்பரிடம் வந்தாள்.

"நீங்க அந்த ஐயாவோட கதைச்சது யன்னலால கண்டன். எங்கட ஆளைப் பத்தித்தானே சொன்னீங்க?"

"ஓம் பிள்ளை. சொன்னன்."

"அப்ப விட்டிருவாங்க" என்றாள். முகம் முழுக்க வெளிச்சம். "நீங்க சொன்னாப் பிறகு விடாம இருக்கமாட்டாங்க. நான் போய்ச் சோறு ஆக்கி வைக்கிறன். நாளைக்கு வந்தாலும் வருவார்."

அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல யாகப்பருக்கு வாய் வரவில்லை. அவள் வேகமாக நடந்து ஒழுங்கைக்குள் மறைந்தாள்.

அவர் உள்ளே போய் முறைப்பாட்டுப் புத்தகத்தை விரித்தார். திகதி எழுதினார். நேரம் எழுதினார். சார்ஜன் யாகப்பர் ஆகிய நான் என்று எழுதிவிட்டுப் பேனாவைப் பிடித்தபடி இருந்தபோது அன்ரோனெற் வந்து வாசலில் நின்றாள். பாவாடைக் கரை முழங்கால் மட்டும் நனைந்து மணல் அப்பியிருந்தது. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அப்பா, மாமா போயிட்டார்."

"எங்க?"

"அக்கரைக்கு. சின்ன வள்ளத்தில. ஒரு மணிக்கே போயிட்டார்."

"தனியவோ? அந்த வள்ளத்தைத் தனியாளாத் தள்ள ஏலாதே."

அன்ரோனெற் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாதான் தள்ளிவிட்டவ. இடுப்பு மட்டும் தண்ணியில இறங்கித் தள்ளினவ. நான் தாழங்காட்டுக்குள்ள முழங்கால் தண்ணியில நிண்டு பாத்தனான், இப்பதான் அங்கயிருந்து வாறன். பாய் மறையுமட்டும் அம்மா கரையில முழங்கால்ல இருந்தவ. இப்ப கோயில்ல இருக்கிறா."

"வேற ஆராவது கண்டவையோ?"

"வெள்ளிக்கிழமை மத்தியானம் கரையில ஆர் அப்பா நிப்பினம்? நான் மட்டும்தான்."

கொலைகாரன் என்று அவர் எழுதப்போகும் ஆள் இனிக் கிடைக்கமாட்டான். மீன்கறிப் பேச்சு நீதவானிடம் எடுபடாது என்று இன்ஸ்பெக்டரே சொல்லிவிட்டார். ஆனால் குற்றவாளி கடல் தாண்டி ஓடினதையும், ஓடவிட்டது யார் என்பதையும் கண்ணால் கண்ட சாட்சி ஒன்று இருந்தால் அந்தச் சங்கதி வேறு. நுஃமானுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி ஈரப் பாவாடையோடு வாசலில் நின்றது. யாகப்பர் அதை இரண்டு தரம் யோசிக்கவில்லை. யோசித்தால் மறுபடியும் கதிரையிலேயே இருந்துவிடுவார் என்று அவருக்கே பயம்.

எழுதிய வரியைக் குறுக்கே வெட்டினார். புதுப் பக்கம் புரட்டினார். எதிரே கிடந்த கதிரையை, காலையில் மாக்கிறட் இருந்து எழும்பிய அதே கதிரையைக் காட்டினார்.

"வந்து இரு பிள்ளை. முழுப் பேரைச் சொல்லு."

"அப்பா?"

"முழுப் பேர். வயசு. பிறகு, கரையில ஆரைக் கண்டனி எண்டு சொல்லு."

அன்ரோனெற் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. வெளியேயும் போகவில்லை. யாகப்பர் பேனாவைத் தாளில் ஊன்றியபடி, மகளின் முகத்தைப் பார்க்காமல் காத்துக்கொண்டிருந்தார்.